சுற்றுச்சூழலும் உயிரியலும் இணைந்த ஐந்தாண்டுப் படிப்பு: தக்கலையிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

குமரி மாவட்டத்துத் தக்கலையில் வசிக்கும் ஒரு தந்தை தம் மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்டிருக்கிறார். மகள் மேல்நிலை இரண்டாம் ஆண்டில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் படிக்கிறார். நீட் எழுதும் எண்ணம் அவருக்கு இல்லை. சுற்றுச்சூழல் அறிவியலையும் உயிரியலையும் சேர்த்து, இளநிலையும் முதுநிலையும் ஒரே தொடர்ச்சியாக முடிக்க விரும்புகிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிமுகக் கையேட்டில், இத்தகைய படிப்பால் ஓராண்டு மிச்சமாகும் என்று படித்திருக்கிறார். இங்கும் அப்படி உண்டா, எங்கே சேர்க்கலாம், பிற்பாடு வேலைக்கு வழி உண்டா, பெண் பிள்ளை காட்டிலும் கடற்கரையிலும் அலைய வேண்டியிருக்குமா, நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பவை தந்தையின் கேள்விகள். ஐந்தும் நியாயமானவை, ஆனால் ஐந்துக்கும் எடை ஒன்றல்ல என்பதால் பதிலும் ஒரே அளவில் இராது.

முதலில் காலக் கணக்கை முடித்துவிடலாம். அமெரிக்காவில் இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டு, முதுநிலை பெரும்பாலும் இரண்டு ஆண்டு. இணைந்த படிப்பில் சேரும் மாணவர் நான்காம் ஆண்டிலேயே முதுநிலைப் பாடங்கள் சிலவற்றைப் படிக்கத் தொடங்குகிறார். அப்பாடங்களின் கிரெடிட், அதாவது பாட மதிப்பலகு, இரண்டு பட்டங்களுக்கும் கணக்கில் கொள்ளப்படுவதால் ஆறு ஆண்டு ஐந்தாகச் சுருங்குகிறது. கையேடு சொல்லும் மிச்சம் இதுதான். நம் நாட்டில் மூன்றாண்டு இளநிலையும் ஈராண்டு முதுநிலையும் சேர்ந்தால் ஐந்து. ஒருங்கிணைந்த படிப்பும் ஐந்து. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்துள்ள நான்காண்டு இளநிலையும் அதன் பின்னான ஓராண்டு முதுநிலையும்கூட ஐந்துதான். ஆகவே காலம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக இங்கே யாரும் இணைந்த படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அதில் கிடைப்பது என்ன? மூன்றாம் ஆண்டு முடிவில் மறுபடியும் ஒரு நுழைவுத் தேர்வுக்கு ஓட வேண்டியதில்லை என்பது ஒன்று. சாதாரண இளநிலை மாணவர் மூன்றாம் ஆண்டின் பாதியை அடுத்த சேர்க்கைக்கான ஆயத்தத்திலேயே கழிக்கிறார். இணைந்த படிப்பு மாணவருக்கு அந்தக் காலம் ஆய்வுக்கூடத்தில் கழிகிறது. ஆனால் உண்மையான ஆதாயம் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறது. நல்ல நிறுவனங்களில் அந்த ஆண்டு முழுவதும், அல்லது அதன் பெரும்பகுதி, ஒரே ஆய்வேட்டுக்கு ஒதுக்கப்படுகிறது. ஈராண்டு முதுநிலையில் கடைசிப் பருவத்தின் நான்கைந்து மாதங்களில் நடக்கும் 'புராஜெக்ட்' என்பது, உள்ளதைச் சொன்னால், பல கல்லூரிகளில் ஒரு சடங்கு. நம் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கின்றன. ஓர் ஆண்டு முழுவதும் மாதிரி எடுக்காமல் இங்குள்ள ஓர் ஓடையைப் பற்றியோ குளத்தைப் பற்றியோ நம்பத்தக்க எதையும் எழுத முடியாது. நான்கு மாத ஆய்வில் ஒரு பருவமழை கண்ணில் படாமலே போய்விடும்.

இழப்பும் உண்டு. பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபத்திரண்டு வயது வரை கட்டிப்போடுகிறது. மூன்றாம் ஆண்டில் மனம் மாறினால் பட்டத்தோடு வெளியேற முடியுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; சேர்வதற்கு முன்பே விதியை எழுத்தில் வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஒருங்கிணைந்த முதுநிலை' என்று சொல்லப்படுவதிலும் வகைகள் உள்ளன: சிலவற்றில் இறுதியில் ஒரே எம்.எஸ்சி. பட்டம் கிடைக்கும், சிலவற்றில் இளநிலை, முதுநிலை என இரண்டு பட்டங்கள் கிடைக்கும், சிலவற்றில் நான்காம் ஆண்டு இளநிலையோடு நிறுத்திக்கொண்டு விருப்பமிருந்தால் மட்டும் ஐந்தாம் ஆண்டைத் தொடரலாம். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பகுதிகளிலிருந்து எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் படிக்கச் செல்லும் பிள்ளைகள் பலர். கேரளப் பல்கலைக்கழகங்கள் 2024-இல் நான்காண்டு இளநிலைக்கு மாறிவிட்டன, தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கல்லூரிகளில் மூன்றாண்டு முறையே தொடர்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் அங்கே சேர்ந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் தடுமாறுவது தவிர்க்கக்கூடிய ஒன்று.

இனி இந்தப் பதிலில் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மகள் 'சுற்றுச்சூழல் அறிவியலும் உயிரியலும்' என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறார். இரண்டும் சமமான இரண்டு பாடங்கள் அல்ல என்பது என் உறுதியான கருத்து. உயிரியல் ஒரு அடிப்படைத் துறை. சுற்றுச்சூழல் அறிவியல் என்பது பல அடிப்படைத் துறைகளை ஒரே சிக்கலின் மேல் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு. ஏதேனும் ஒரு துறையில் ஆழமாக வேரூன்றாதவருக்கு அந்த ஏற்பாட்டில் நிற்க இடம் கிடைக்காது. ஐந்து ஆண்டும் ஓசோன் படலம், அமில மழை, கழிவு மேலாண்மை என்று எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்லும் பாடத்திட்டத்தில் படித்தவர், கடைசியில் எந்த ஒன்றையும் தானே அளந்து சொல்ல இயலாத நிலையில் வெளியே வருகிறார்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பேருந்தில் செல்லும் எவருக்கும் தெரிந்த ஒரு நீர்நிலையை வைத்து இதை விளக்கலாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. முதலாவது 94.23 ஹெக்டேர், இரண்டாவது 19.75 ஹெக்டேர், இரண்டும் மனிதர் வெட்டிய பாசனக் குளங்கள்தாம். இப்படிப்பட்ட ஒரு குளத்தில் பாசி மண்டிவிட்டது, ஆகாயத்தாமரை பரவிவிட்டது, ஒரு நாள் விடியலில் மீன்கள் செத்து மிதந்தன, கூழைக்கடாக்கள் முன்போல் வருவதில்லை என்று ஊரார் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'மாசு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட யாராலும் முடியும். அறிவியல் படித்தவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மீன் ஏன் நண்பகலில் சாகாமல் விடியலில் சாகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் சுவாசம் மட்டுமே நடப்பதால் அவை தாமும் ஆக்சிஜனை உட்கொள்கின்றன. அடியில் மட்கும் தாவரக் குப்பையைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் அதையே உட்கொள்கின்றன. எனவே கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான். பகல் பதினொரு மணிக்கு வந்து அளந்துவிட்டு 'ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது' என்று எழுதும் அறிக்கை பிழையான அறிக்கை. அந்தப் பிழையைத் தாவர உடலியங்கியல் தெரிந்தவர்தான் பிடிக்க முடியும். பாசியை வளர்க்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வயல் உரத்திலிருந்து வருகின்றனவா, வீட்டுச் சாக்கடையிலிருந்தும் சோப்பு நீரிலிருந்தும் வருகின்றனவா என்று பிரித்தறிய வேதியியல் வேண்டும். நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவான உயிரிய ஆக்சிஜன் தேவையை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து அளக்க வேண்டும் என்று மேலைநாட்டுப் பாடநூல்கள் கூறும். இந்தியத் தரநிலை 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றி வைத்திருக்கிறது, ஏனெனில் நம் நீர்நிலைகளின் வெப்பம் வேறு. இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் ஒப்பிட்டுக் குழம்பிய ஆய்வேடுகள் இருக்கத்தான் செய்கின்றன.

அடுத்து நீரின் போக்கு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து கால்வாய்களில் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் நீர் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைக்கிறார்கள். அந்த ஒன்பது மாதங்களில் பாசனக் குளத்தின் நீர் மாறிக்கொண்டே இருக்கும். அடைத்த மூன்று மாதங்களில் அதே குளத்தில் உப்புகள் செறிகின்றன, நீர் சூடேறுகிறது. ஜனவரி மாதிரியையும் ஏப்ரல் மாதிரியையும் அருகருகே வைத்து 'மாசு அதிகரித்துவிட்டது' என்று சொல்வது பருவத்தை மாசு என்று தவறாக எண்ணுவதாகும். பறவைகளிலும் இதே சிக்கல் உண்டு. மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் குளிர்காலத்தில் இங்கே இருக்கும், கோடையில் இரா. ஆகாயத்தாமரை அடர்ந்துவிட்டால் இலைக்கோழிகள் இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். காணப்பட்ட எண்ணிக்கைக்கும் உண்மையான எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியைக் கணித்துச் சொல்வது புள்ளியியலின் வேலை. இதோடு, குளத்தில் மீன்பிடி உரிமை யாருக்கு, தாமரை பறிப்பவர் யார், குளத்து நீர் பாயும் ஆயக்கட்டு வயல்கள் வீட்டுமனைகளாக மாறியதில் குளத்துக்கு வரும் ஓடைகள் எத்தனை அடைபட்டன என்ற சமூகக் கேள்விகளும் வந்து சேரும்.

இத்தனையையும் ஒருவரே ஆழமாகக் கற்றுவிட முடியாது. ஒன்றைத் தனதாக்கிக்கொண்டு, மற்றவற்றின் மொழியைப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்பதே நடக்கக்கூடியது. ஆகவே மகளுக்கு என் ஆலோசனை: உயிரியலை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு சூழலியலில் சிறப்புப் பயிற்சி பெறும் படிப்பைத் தேடுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் வேதியியலையும் கணிதத்தையும் கட்டாயமாகக் கற்பிக்கும் பாடத்திட்டம் இருந்தால் அதை வரம் என்று கொள்ளுங்கள். உயிரியலை எடுத்தால் கணிதத்திலிருந்து தப்பிக்கலாம் என்று எண்ணி வரும் பிள்ளைகள் சூழலியலில் மிகவும் திணறுகிறார்கள். மகள் கணிதமும் சேர்ந்த பிரிவில் படித்திருப்பது நல்ல தொடக்கம்.

எங்கே என்ற கேள்விக்கு, குமரி மாவட்டத்தாருக்குப் புவியியல் ஒரு சலுகை தந்திருக்கிறது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள், அதாவது ஐசர் என்று சுருக்கமாக அழைக்கப்படுபவை, நாட்டில் ஏழு உள்ளன. அவற்றுள் 2008-இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஐசர், நெடுமங்காட்டுக்கு அப்பால் பொன்முடி மலையடியில் விதுராவில் இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் சென்றுவிடக்கூடிய தொலைவு. நம் பேச்சிப்பாறைக்கு மேலே நிற்கும் அதே அகத்தியமலைத் தொடரின் மறுபக்கம். அங்கே ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். இரட்டைப் பட்டப் படிப்பு உண்டு. உயிரியல் புலத்தில் சூழலியல், பரிணாமம், விலங்கு நடத்தை ஆகியவற்றில் ஆய்வு நடக்கிறது. சூழலைப் புவியறிவியல் பக்கமிருந்து அணுக விரும்பினால் போபால், மொகாலி ஐசர்களில் புவி மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல் துறைகள் இருக்கின்றன. சேர்க்கை ஐஏடி என்னும் தகுதித் தேர்வின் வழி. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 வினாக்கள், மொத்தம் மூன்று மணி நேரம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்படும். உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் படித்தவருக்கு நான்கு பகுதிகளும் பழக்கமானவையாக இருப்பது பெரிய வசதி. நீட்டுக்கு மட்டும் ஆயத்தமானவர் கணிதத்திலும், ஜேஇஇக்கு மட்டும் ஆயத்தமானவர் உயிரியலிலும் மதிப்பெண் இழப்பார்கள்.

பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம் 2011 முதல் ஆய்வை மையமாகக் கொண்ட நான்காண்டு இளநிலைப் படிப்பை நடத்துகிறது. ஐந்தாம் ஆண்டைத் தொடர்ந்து முதுநிலையும் பெறலாம். அங்குள்ள சூழலியல் மையம் நாட்டின் முன்னணி மையங்களில் ஒன்று. புவனேசுவரத்தில் நைசர் எனப்படும் தேசிய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. உண்டு, அதற்கு நெஸ்ட் என்ற தனித் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றிலும் இத்தகைய படிப்புகள் உள்ளன, அவற்றுக்கு க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு. பெயர்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். அதைவிட, ஒரு நிறுவனத்தை எடைபோடப் பயன்படும் கேள்விகள் சிலவற்றைச் சொல்வது மேல். ஐந்தாம் ஆண்டு ஆய்வேட்டுக்கு எத்தனை மாதங்கள்? களப்பணி பாடத்திட்டத்தில் கிரெடிட்டோடு இருக்கிறதா, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை ஊட்டிக்குப் பேருந்து போவதுதான் களப்பணியா? சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைக் காட்டுவார்களா? புள்ளியியலும் அதற்கான 'ஆர்' என்ற மென்பொருளும் யார் கற்பிக்கிறார்கள்? இவற்றுக்கு நேரான பதில் தராத நிறுவனத்தில், வளாகம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் சேர்க்க வேண்டாம்.

ஆய்வேட்டுத் தலைப்புக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருப்பதால் இயற்கைக் கதிரியக்கம் மிகுதி. அங்கு வாழும் செடிகளையும் மண்ணுயிர்களையும் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலில் ரப்பர் மரங்கள் சாய்ந்த இடங்களில் இன்று என்ன முளைத்திருக்கிறது என்பதை யாராவது பொறுமையாகப் பதிவு செய்ய வேண்டும். பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் பொழி, அதாவது ஆற்றின் கடல்வாய், அடைபடுவதும் திறப்பதும் அங்குள்ள அலையாத்தி மரங்களையும் மீன்குஞ்சுகளையும் எப்படிப் பாதிக்கின்றன என்பது இன்னொன்று. அங்குள்ள மீனவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால், ஓர் ஆய்வேட்டின் முதல் இயலுக்குப் போதுமான தகவல் அரை நாளில் கிடைக்கும். 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் நானூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. ஆனால் அதற்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். அது வர மாதங்கள் ஆகலாம். ஐந்தாம் ஆண்டுக்கான விண்ணப்பத்தை நான்காம் ஆண்டிலேயே கொடுத்துவிடுவது விவேகம்.

வேலை பற்றிய கேள்விக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. பட்டத்தின் பெயரும், சான்றிதழில் அச்சாகும் பாடப்பெயரும் அரசு வேலைகளில் பெரிய விளைவை ஏற்படுத்தும். இந்திய வனப்பணித் தேர்வுக்குரிய கல்வித் தகுதியைப் பாருங்கள்: கால்நடை பராமரிப்பும் மருத்துவமும், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். காட்டைக் காக்கும் பணிக்கான அந்தப் பட்டியலில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' இல்லை. முரணாகத் தோன்றினாலும் நடைமுறை அதுதான். மேல்நிலைப் பள்ளிகளில் முதுநிலை ஆசிரியர் பணியிடங்கள் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்று தனிப் பணியிடம் இல்லை. இளநிலையிலேயே அறிவியல் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உதவும் இன்ஸ்பயர் திட்டத்துக்கும் குறிப்பிட்ட பாடப் பட்டியல் உண்டு. உயிரியல், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் அதில் இடம்பெறுகின்றன. உயிரியலை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு அறிவுக் காரணத்தோடு இந்த நடைமுறைக் காரணமும் சேர்கிறது.

ஆராய்ச்சியே குறிக்கோளானால் பாதை தெளிவானது. ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி தரும் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் உயிர் அறிவியல், யுஜிசி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல், கேட் தேர்வில் 'சூழலியலும் பரிணாமமும்' என்ற தனித்தாள் ஆகிய மூன்று வாசல்கள் இவருக்குத் திறந்திருக்கும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், அடுத்த கட்டமான முதுநிலை ஆய்வு உதவித்தொகை 42,000 ரூபாய். முனைவர் பட்ட ஆய்வு என்றால் வீட்டுப் பணத்தில் படிப்பது என்று எண்ணும் பெற்றோர் நம் ஊரில் இன்னும் உண்டு என்பதால் தொகையைச் சொல்கிறேன்.

தனியார் துறையில் கிடைக்கும் பணிகள் பெரும்பாலும் சட்டத்திலிருந்து பிறப்பவை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வரும் பெருந்திட்டங்களுக்கும் குவாரிகளுக்கும் முன் அனுமதி தேவை. அதற்கான மதிப்பீட்டு அறிக்கைகளை நேபட் என்னும் தேசியத் தர அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள் தயாரிக்கின்றன, அவற்றில் சூழலியலுக்கும் பல்லுயிரியத்துக்கும் தனி வல்லுநர் இருந்தாக வேண்டும். கடற்கரைத் திட்டங்களுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. பெரிய பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய அறிக்கையை, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, ஆண்டுதோறும் தர வேண்டும். குமரியில் கல்குவாரிகளும் கனிம மணலும் துறைமுகங்களும் எவ்வளவு சர்ச்சைக்குரியவை என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவருக்குச் சம்பளம் தருவது திட்டத்தை நடத்துபவர் என்பதால் இந்த வேலையில் மனச்சாட்சிக்கு வேலை அதிகம். அதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொடக்க ஊதியம் மென்பொருள் துறையோடு ஒப்பிடத்தக்கதல்ல. உள்ளூரிலேயே வேலை வேண்டும் என்ற நிபந்தனையோடு இந்தப் படிப்புக்கு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். பெங்களூருக்கோ டேராடூனுக்கோ வெளிநாட்டுக்கோ சில ஆண்டுகள் செல்ல வீட்டில் சம்மதம் இருக்க வேண்டும்.

களப்பணி பற்றிய அச்சத்துக்குப் பதில் எளிது. எல்லாச் சூழலியலும் காட்டில் நடப்பதில்லை. செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலப்பயன்பாட்டை ஆராய்வோர், ஆய்வகத்தில் நுண்ணுயிரிகளின் மரபணுவை வாசிப்போர், பிறர் திரட்டிய தரவுகளைக் கணினியில் பகுத்தாய்வோர் என்று பலவகை உண்டு. காட்டில் செய்யும் பணியும் தனியாளாகச் செய்வதல்ல. வழிகாட்டியாக உள்ளூர்ப் பழங்குடியினரான காணி மக்களில் ஒருவரோ வனப் பணியாளரோ உடன் வர, குழுவாகத்தான் செல்கிறார்கள். அட்டைக்கடியும் மழையும் இருக்கும். இன்று பல சூழலியல் ஆய்வுக்கூடங்களில் மாணவிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது, களப்பணிக்கு நிறுவனம் வாகனமும் தங்குமிடமும் காப்பீடும் தருகிறதா, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகக் குழு பெயரளவில் இல்லாமல் இயங்குகிறதா என்பவை. இவற்றைப் பெற்றோர் கேட்பதைவிட, அங்கே படிக்கும் மாணவியரிடம் மகளே நேரில் கேட்டால் உண்மை விவரம் வரும்.

இடம் கிடைக்காவிட்டால்? அதற்காக ஓராண்டு வீணாக வீட்டில் இருந்து மறுபடியும் தேர்வு எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாகர்கோவிலிலேயே 1893-இல் தொடங்கிய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி முதலியவை உள்ளன. விலங்கியலோ தாவரவியலோ வேதியியலோ எடுத்து மூன்றாண்டு ஒழுங்காகப் படித்துவிட்டு, முதுநிலைக்கு இடம் மாறுவது எவ்விதத்திலும் தாழ்ந்த வழியல்ல. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை, கடல் உயிரியலுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம், வனவிலங்கு உயிரியலுக்குப் பெங்களூரின் தேசிய உயிரியல் மையமான என்சிபிஎஸ், டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவனம் ஆகியவை மூன்றாண்டு இளநிலை முடித்தவர்களுக்கு முதுநிலைப் படிப்பு தருகின்றன. கடைசி இரண்டிலும் இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. இந்த வழியில் செல்பவர் ஐந்தாம் ஆண்டு ஆய்வேட்டின் குறையைத் தாமே ஈடுகட்ட வேண்டும்: அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது, அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் புள்ளியியல் படிப்பது, ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் தன் ஊர்க் குளத்துக்குப் பொறுப்பேற்று ஆண்டுதோறும் பதிவு செய்வது. மூன்று ஆண்டு ஒரே குளத்தைத் தொடர்ந்து கவனித்த குறிப்பேட்டோடு நேர்காணலுக்குச் செல்லும் மாணவியிடம் தேர்வுக் குழு வேறு விதமாகப் பேசும்.

நடைமுறையில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். ஐஏடி விண்ணப்பம் பொதுவாக மார்ச் வாக்கில் வெளியாகி மே இறுதியிலோ ஜூனிலோ தேர்வு நடக்கிறது. கல்லூரிச் சேர்க்கையும் மேல்நிலைத் தேர்வு முடிவுகளை ஒட்டி அதே காலத்தில் வந்துவிடும். நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் இளநிலையில் சேர்த்துவிட்டே ஐசர் கலந்தாய்வின் பிந்தைய சுற்றுகளுக்குக் காத்திருக்கலாம். இடம் கிடைத்து வெளியேறும்போது, குறித்த நாளுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விதித்திருக்கிறது; சேரும் நாளிலேயே அந்த ஆண்டுக்கான கடைசித் தேதியை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.